48-இல் இருப்பது யார்? ஒரே சாயலில் வரும் சென்சார் சிப்புகளைப் பிரித்தறியும் முறை

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து பழுதுக்கு வரும் போர்டில் எட்டுக் கால் சிப்பின் மேலெழுத்தைப் படிக்க முடிந்தால் அது அதிர்ஷ்டம். உப்பு படிந்திருக்கும், பூசிய கோட்டிங் மஞ்சளித்திருக்கும், போதாததற்கு யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்தும் இருப்பார்கள். எழுத்து தெளிவாக இருந்தாலும் முழுக்க நம்ப முடியாது. சின்ன பேக்கேஜில் மூன்று நான்கு எழுத்துக் குறியீடுதான் இருக்கும். அதே குறியீட்டை வேறொரு கம்பெனி வேறொரு சிப்புக்குப் போட்டிருக்கலாம். ஆகவே பெயரைச் சிப்பிடமே கேட்க வேண்டும். அது சொல்லும் பதிலையும் இன்னொரு வழியில் சரிபார்க்க வேண்டும். பெயரே சொல்லத் தெரியாத சிப்பும், அடுத்தவன் பெயரைச் சொல்லும் சிப்பும் இந்தக் கூட்டத்தில் நிறைய.

இந்தச் சிப்புகள் பெரும்பாலும் டேட்டா, கிளாக் என்ற இரண்டு கம்பி வழியே, ஐ2சி பஸ்ஸில் பேசும். ஒரே கம்பியில் பல சிப் இருப்பதால் ஒவ்வொன்றையும் கூப்பிட ஓர் எண் உண்டு, அதுதான் முகவரி. தலைப்பில் உள்ள 48 அப்படி ஒன்று. சிப்புக்குள் எண் போட்ட சின்ன நினைவு அறைதான் ரெஜிஸ்டர். கீழே வரும் முகவரி, ரெஜிஸ்டர், அதிலிருந்து கிடைக்கும் மதிப்பு மூன்றும் ஹெக்ஸ் எண்கள் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை பதினாறு இலக்கம்). டிகிரி, வோல்ட், ஓம் எல்லாம் சாதாரண எண்கள். டிகிரி என்றால் செல்சியஸ்.

முதலில் உப்பை எடுங்கள்

ஆல்கஹால் ஊற்றித் துடைத்தால் போர்டு சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஃப்ளக்ஸ் கரையும், எண்ணெய்ப் பிசுக்கு கரையும், உப்பு கரையாது. துடைத்ததும் பளபளப்பாகத் தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் பச்சை பூக்கும். பவரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரை மென்மையான பிரஷில் தொட்டு முதலில் கழுவுங்கள். அதன் பிறகு ஆல்கஹால். அது தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். பிறகு காய விடுங்கள். ஆனி, ஆடிச் சாரல் நாட்களில் ஃபேன் காற்று போதாது, ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்துக் காய்ச்சுங்கள்.

இதைச் செய்யாமல் அடையாளம் தேடினால் பொய்யான பதில் கிடைக்கும். டேட்டா காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஈர உப்பு ஒரு ரெசிஸ்டர் மாதிரி உட்கார்ந்துவிடும். ஐ2சி பஸ்ஸில் டேட்டா கம்பி கீழே இழுக்கப்பட்டால் அதற்கு "ஆமாம், இருக்கிறேன்" என்று அர்த்தம். கம்பி கீழேயே ஒட்டிக்கொண்டால் இல்லாத சிப்பெல்லாம் இருக்கிறேன் என்று சொல்லும். ஸ்கேனில் எல்லா முகவரியும் நிரம்பி வந்தால் அங்கே நூறு சிப் இல்லை, பஸ் தரையில் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைக் கண்ட்ரோலர் போர்டு என்றால் உப்போடு அதிர்வையும் கணக்கில் எடுங்கள். காலின் சோல்டரில் மயிரிழை விரிசல் இருந்தால் சிப் ஒரு முறை பதில் சொல்லும், மறுமுறை சொல்லாது. லென்ஸ் வைத்துப் பார்த்து, சந்தேகமான கால்களுக்குப் புது சோல்டர் வைத்துவிட்டு மேலே போங்கள்.

மல்டிமீட்டரே பாதி வேலையை முடிக்கும்

பவர் இல்லாத நிலையில் கண்டினியூட்டி பார்த்து, எந்தக் கால் கிரவுண்ட் என்று கண்டுபிடியுங்கள். எட்டுக் கால் சிப்பில் இந்த ஒரு சோதனை இரண்டு பெரிய குடும்பங்களைப் பிரித்துவிடும். எல்எம்75 என்ற வெப்ப சென்சார் வகையில் 4-வது கால் கிரவுண்ட், 8-வது கால் சப்ளை, 1-வது டேட்டா, 2-வது கிளாக். எல்எம்90 வகையில் 5-வது கால் கிரவுண்ட், 1-வது சப்ளை, 7-வது டேட்டா, 8-வது கிளாக். அதில் 2-வது, 3-வது கால்கள் ஜோடியாகப் பிராசஸருக்கோ கிராஃபிக்ஸ் சிப்புக்கோ போகும், தூரத்து வெப்பத்தை அளக்கும் டயோடு அங்கேதான் இருக்கிறது.

4-வது கிரவுண்ட், 8-வது சப்ளை என்றதும் எல்எம்75 என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 24சி02 மாதிரி ஈப்ராமுக்கும் (பவர் போனாலும் பதிவை வைத்திருக்கும் மெமரிச் சிப்) அதே இரண்டு கால்கள்தான். ஆனால் அதில் டேட்டா 5, கிளாக் 6. சப்ளைக்கு 2.2 கிலோ ஓம் முதல் 10 கிலோ ஓம் வரை புல்-அப் ரெசிஸ்டர் (சும்மா இருக்கும் கம்பியை மேலே இழுத்து வைப்பது) எந்தக் கால்களில் இருக்கிறது என்று பாருங்கள். 1, 2-இல் இருந்தால் சென்சார் பக்கம், 5, 6-இல் இருந்தால் ஈப்ராம் பக்கம். டிஎஸ்1621 என்ற இன்னொரு வெப்ப சென்சாரின் கால் வரிசையோ எல்எம்75-ஐ அப்படியே ஒத்திருக்கும், அதை மீட்டரால் பிரிக்க முடியாது.

அடுத்து போர்டுக்கு அதன் சொந்த பவரைக் கொடுத்து டேட்டா, கிளாக் இரண்டையும் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது இரண்டும் சப்ளை அளவுக்கு, பெரும்பாலும் 3.3 வோல்ட், இருக்க வேண்டும். 5 வோல்ட் வந்தால், சிப்போடு பேசப் பயன்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டான ராஸ்பெர்ரி பையை நேராக இணைக்காதீர்கள். அதன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். சர்வீஸ் மேசையில் கிடக்கும் மலிவான சிஎச்341ஏ புரோகிராமரிலும் இதே வில்லங்கம் மறுபக்கமாக வரும். கருப்பு போர்டு வகையில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத டிஎம்பி102 மாதிரி சிப்பை அதில் மாட்டிச் சோதித்தால், சோதனையே பழுதாகிவிடும்.

ராஸ்பெர்ரி பையில் 3-வது பின் டேட்டா, 5-வது பின் கிளாக், 6-வது பின் கிரவுண்ட். போர்டு சொந்த பவரில் ஓடும்போது இந்த மூன்று கம்பி மட்டும் போதும். பையின் 3.3 வோல்ட் பின்னை போர்டின் சப்ளையோடு சேர்க்க வேண்டாம். சிப் தனியாகக் கையில் இருந்தால் மட்டும் 1-வது பின்னிலிருந்து சப்ளை கொடுங்கள்.

ஸ்கேன் என்றால் வெறும் பார்வை அல்ல

லினக்ஸில் ஐ2சி-டிடெக்ட் கட்டளை ஒவ்வொரு முகவரியாகக் கதவைத் தட்டும். வழக்கமாகப் பெரும்பாலான முகவரிகளில் சின்னதாக எழுதிப் பார்க்கும். 30 முதல் 37 வரையும் 50 முதல் 5எஃப் வரையும் மட்டும் ஒரு பைட் படித்துப் பார்க்கும், ஏனென்றால் அங்கே ஈப்ராம்கள் குடியிருக்கும். பழைய ஐபிஎம் திங்க்பேடுகள் சிலவற்றில் 24ஆர்எஃப்08 என்ற ஈப்ராம் இப்படித் தட்டியதிலேயே கெட்டு, மெஷின் எழும்பாமல் போயிருக்கிறது. கதை பழையது என்றாலும் பாடம் பழையதாகவில்லை. முகவரி எல்லையைச் சுருக்கிக் கொடுத்து, தேவையான இடத்தை மட்டும் தட்டுங்கள்.

கட்டத்தில் எண்ணுக்குப் பதில் யூயூ என்று வந்தால் அந்த முகவரியை ஏற்கெனவே ஒரு டிரைவர் பிடித்திருக்கிறது என்று பொருள். டிரைவரை இறக்கிவிட்டுத்தான் ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பதில் கலங்கிவிடும்.

முழு டம்ப் எடுப்பது இன்னும் ஆபத்தானது. டம்ப் என்பது 00 முதல் எஃப்எஃப் வரை ஒவ்வொரு எண்ணையும் சிப்புக்கு அனுப்பிப் பதில் கேட்பது. ரெஜிஸ்டர் உள்ள சிப்புக்கு அது வெறும் விசாரிப்பு. டிஎஸ்1621-க்கு அந்த எண்களே கட்டளைகள்: இஇ என்றால் "அளக்கத் தொடங்கு", 22 என்றால் "நிறுத்து". பிஎம்பஸ் பேசும் பவர் சிப்புக்கு 03 என்றால் "பழுதுப் பதிவை அழி", 11 என்றால் "இப்போதுள்ள அமைப்பைச் சேமி". போர்டு ஏன் செத்தது என்று சொல்லும் ஒரே சாட்சியை ஒரு டம்ப் அழித்துவிடக்கூடும். எந்தச் சிப் என்று தெரியும்வரை இரண்டு மூன்று ரெஜிஸ்டர்களை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள், எதையும் எழுதாதீர்கள்.

48 முதல் 4எஃப் வரை: நெரிசலான தெரு

இந்த எட்டு முகவரிகளில் எல்எம்75, அதன் வாரிசுகள், டிஎஸ்1621, ஏடிஎஸ்1115 என்ற ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் சிப்), பிசிஎஃப்8591 என்ற இன்னொரு ஏடிசி, ஐஎன்ஏ219 மாதிரி கரண்ட் சென்சார்கள் எல்லாம் வந்து உட்காரும். 48-இல் பதில் வந்தால் எல்எம்75 என்பது பாதி ஊகம்தான்.

இங்கே பெரிதும் உதவுவது பவர் போட்டவுடன் ரெஜிஸ்டர்களில் இருக்கும் பிறவி மதிப்பு. போர்டை முழுக்க அணைத்து, பத்து வினாடி விட்டு, மறுபடி போட்டு, டிரைவர் எதுவும் தொடுவதற்கு முன் 02, 03 இரண்டையும் இரண்டு பைட்டாகப் படியுங்கள். எல்எம்75 குடும்பமாக இருந்தால் 02-இல் 4பி 00, 03-இல் 50 00. அதாவது 75 டிகிரி, 80 டிகிரி. ஏடிஎஸ்1115 என்றால் 02-இல் 80 00, 03-இல் 7எஃப் எஃப்எஃப், 01-இல் 85 83. ஐஎன்ஏ219 என்றால் 00-லேயே 39 9எஃப் இருக்கும், ஐஎன்ஏ226 என்றால் அதே இடத்தில் 41 27.

பைட் வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சிப்புகள் பெரிய பைட்டை முதலில் அனுப்பும். ஐ2சி-கெட் கட்டளையின் வேர்ட் முறை, முதலில் வருவது சின்ன பைட் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் திரையில் தலைகீழாகத் தெரியும். 4பி 00 என்பது 00 4பி என்று வரும். அறை வெப்பம் 30.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எல்எம்75 அனுப்புவது 1இ 80. 1இ என்றால் 30, 80 என்பது அரை டிகிரி. திரையில் 80 1இ என்று பார்த்துவிட்டு, மைனஸ் 128-க்குப் பக்கத்தில் ஏதோ எண் வருகிறது, சிப் போய்விட்டது என்று புதுச் சிப்பைச் சோல்டர் செய்பவர்கள் உண்டு. பைட்டைத் திருப்பிப் பார்த்த பிறகு சோல்டரிங் அயர்னை எடுங்கள்.

எல்எம்75 குடும்பம் என்று உறுதியானதும், உள்ளே யார் என்று பார்க்க வேண்டும். நேஷனல் கம்பெனியின் மூல எல்எம்75-இல் அடையாள ரெஜிஸ்டர் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு: இல்லாத ரெஜிஸ்டரைக் கேட்டால், கடைசியாகச் சொன்ன பதிலையே திரும்பச் சொல்லும். 02-ஐ ஒரு பைட்டாகப் படித்து 4பி வாங்குங்கள். உடனே 04, 05, 06, 07 கேளுங்கள், நான்கிலும் 4பி. பிறகு 03-ஐப் படித்து 50 வாங்கி, மறுபடி அந்த நான்கையும் கேளுங்கள், இப்போது எல்லாம் 50. இரண்டு முறையும் இப்படி நடந்தால் மூல எல்எம்75 என்று எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் டிரைவரும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. நேஷனலின் எல்எம்75ஏ வேறு மாதிரி: 04, 05, 06-இல் எஃப்எஃப், 07-இல் ஏ1. அதே எல்எம்75ஏ பெயரில் என்எக்ஸ்பி தரும் சிப்பில் ஏ1 வராது, ஆனால் அளவு நுணுக்கம் 0.125 டிகிரி. பெயர் ஒன்று, ஆள் வேறு.

நுணுக்கத்தை வைத்துப் பிரிக்கச் சின்ன பைட்டைப் பாருங்கள். அது 00, 80 இரண்டில் ஒன்றாகவே இருந்தால் அரை டிகிரி, ஒன்பது பிட். 20, 40, 60, ஏ0 என்றெல்லாம் வந்தால் எட்டில் ஒரு டிகிரி. 10, 30, 90 என்று வந்தால் பதினாறில் ஒரு டிகிரி, பன்னிரண்டு பிட். ஒரு முறை படித்து முடிவு செய்யாதீர்கள், இருபது முப்பது முறை படியுங்கள். அப்படியும் டிஎம்பி75 ஏமாற்றும். பன்னிரண்டு பிட் வரை போகக்கூடிய அந்தச் சிப், பவர் போட்டதும் ஒன்பது பிட்டில்தான் விழிக்கும், எல்எம்75 வேடத்தில் நிற்கும். டிஎம்பி102 அப்படியல்ல. முதலிலிருந்தே பன்னிரண்டு பிட், அதன் 01 ரெஜிஸ்டர் இரண்டு பைட், பிறவி மதிப்பு 60 ஏ0. எல்எம்75-க்கு அங்கே ஒரே பைட், 00.

டிஎஸ்1621 என்று சந்தேகம் வந்தால் ஏசி கேளுங்கள் அமைப்புக்கு, ஏ1, ஏ2 கேளுங்கள் எல்லை வெப்பத்துக்கு. ஏஏ கொடுத்தால் வெப்பம். வெப்பம் மட்டும் அசையாமல் ஒரே எண்ணில் நிற்கிறதென்றால் சிப் கெட்டதாக எண்ண வேண்டாம், "தொடங்கு" என்று யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

படிப்பு மைனஸ் 0.5, மைனஸ் 0.125, மைனஸ் 0.0625 என்று காட்டினால் எல்லா பிட்டும் ஒன்று என்று பொருள். பேச ஆளில்லாத கம்பி புல்-அப்பில் தொங்குகிறது. நம் மாவட்டத்தில் மைனஸ் டிகிரியைப் பார்த்ததும் கம்பியைச் சந்தேகிப்பது எளிது, ஊட்டிக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பென்டியம் காலத்து மதர்போர்டு கையில் வந்து, 48, 49 இரண்டிலும் எல்எம்75 இருப்பதாகத் தெரிந்து, போர்டில் எங்கே தேடினாலும் அந்தச் சிப்புகள் கண்ணில் படவில்லை என்றால் 2டி முகவரியைப் பாருங்கள். டபிள்யூ83781டி, டபிள்யூ83782டி மாதிரி வின்பாண்ட் சிப்புகள் தங்களுக்குள்ளேயே இரண்டு எல்எம்75 வேடங்களை வைத்திருக்கின்றன. அந்த முகவரிகளைச் சொல்வது முதன்மைச் சிப்பின் 4ஏ ரெஜிஸ்டர். 4எஃப்-ஐக் கேட்டால் 5சி அல்லது ஏ3 வரும், 4இ-யின் மேல் பிட்டைப் பொறுத்து. 58-இல் 10 என்றால் 83781, 30 என்றால் 83782. 31 என்றால் ஆசுஸ் போர்டுகளின் ஏஎஸ்99127எஃப்.

4சி: கைரேகை இருந்தும் குழப்பும் குடும்பம்

லேப்டாப், கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் வந்தால் 4சி முகவரிதான் அதிகம். இங்கே அடையாள ரெஜிஸ்டர்கள் உண்டு: எஃப்இ-யில் கம்பெனி, எஃப்எஃப்-இல் சிப். 01 என்றால் நேஷனல், 41 என்றால் அனலாக் டிவைசஸ், 4டி என்றால் மேக்சிம், 55 என்றால் டெக்சாஸ், 5டி என்றால் எஸ்எம்எஸ்சி. 41-உம் 4டி-யும் ஆங்கில ஏ, எம் எழுத்துகளின் ஆஸ்கி எண்கள், நினைவில் வைக்கச் சுலபம்.

01 வந்தால் எஃப்எஃப்-இன் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் எல்எம்90, 1 என்றால் எல்எம்86, 3 என்றால் எல்எம்89 அல்லது எல்எம்99. இந்தக் கடைசி இரண்டையும் ரெஜிஸ்டரால் பிரிக்க வழியே இல்லை. பிரிப்பது வெப்பம்தான். எல்எம்99 தூரத்து டயோடின் வெப்பத்தை உண்மையைவிட 16 டிகிரி குறைத்துச் சொல்லும், பழுதினால் அல்ல, அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். நாகர்கோவில் அறையில் 30 டிகிரி இருக்கும்போது, இரவு முழுக்க அணைந்து கிடந்த கார்டு போட்டவுடன் 15, 16 டிகிரி காட்டினால் அது எல்எம்99. சிப்பின் சொந்த உள்வெப்பம் சரியாகவே இருக்கும். என்விடியா கார்டு என்றால் முதலில் அதையே சந்தேகிக்கலாம்.

41 வந்தால் எஃப்எஃப்-இல் 4-இல் தொடங்குவது ஏடிஎம்1032, 51 என்றால் ஏடிடி7461. 57 என்றால் ஏடிடி7461ஏ அல்லது ஆன் செமியின் என்சிடி1008. இரண்டுக்கும் ஒரே எண், கம்பெனி எண்ணும் ஒன்றே. இதில் மண்டையை உடைக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே மாதிரி படித்துக்கொள்ளலாம். ஏடிடி7461-இல் அமைப்பு ரெஜிஸ்டரின் 2-வது பிட் போட்டிருந்தால் வெப்பம் 64 கூடுதலாக வரும், மைனஸ் எல்லையை விரிக்கும் முறை அது. அறையே 94 டிகிரி என்று காட்டினால் 64-ஐக் கழித்துப் பாருங்கள். டெக்சாஸின் டிஎம்பி401-லும் இதே 64 உண்டு. அதன் எஃப்எஃப் 11. டிஎம்பி411-இன் ஏ, பி, சி வகைகளுக்கு முறையே 12, 13, 10.

4டி வந்தால் கவனம். மேக்ஸ்6657, 6658, 6659 மூன்றிலும் எஃப்எஃப் ரெஜிஸ்டர் கிடையாது. எஃப்இ படித்த கையோடு எஃப்எஃப் படித்தால் மறுபடி 4டி வரும், கடைசிப் பதிலை எதிரொலிக்கிறது. உறுதிப்படுத்த, 00 படித்துவிட்டு எஃப்எஃப் கேளுங்கள், இப்போது வெப்பத்தின் எண்ணே வரும். நிலையாக 01 வந்தால் மேக்ஸ்6680 வகை, 59 வந்தால் 6646, 6647, 6649 கூட்டம். எஸ்எம்எஸ்சி வரிசையோ ஒரு படி தள்ளியிருக்கிறது. எஃப்டி-யில் சிப், எஃப்இ-யில் கம்பெனி, எஃப்எஃப்-இல் வெறும் பதிப்பு எண். இஎம்சி1402-க்கு எஃப்டி 20, 1403-க்கு 21, 1404-க்கு 25.

இந்தக் குடும்பத்தில் படிக்கும் முகவரியும் எழுதும் முகவரியும் வேறு வேறு. அமைப்பை 03-இல் படித்து 09-இல் எழுத வேண்டும், அளக்கும் வேகத்தை 04-இல் படித்து 0ஏ-யில் எழுத வேண்டும். படித்த இடத்திலேயே எழுதிவிட்டு "மாறவே மாட்டேன் என்கிறது, போலிச் சிப்" என்று முடிவு செய்யாதீர்கள். தூரத்து வெப்பம் 127 டிகிரி என்று அசையாமல் நின்றால் டயோடு வழி அறுந்திருக்கிறது. நம் பக்கத்துப் போர்டில் 2, 3-வது கால்களின் தடத்தை உப்பு தின்றதா என்று முதலில் பாருங்கள்.

18-உம் 50-உம்

18 முதல் 1எஃப் வரை ரேம் மாட்யூலின் வெப்ப சென்சார்கள். 06-இல் கம்பெனி, 07-இல் சிப், இரண்டும் இரண்டு பைட். எம்சிபி9808 என்றால் 00 54, பிறகு 04-இல் தொடங்கும் எண். 18, 19-இல் எல்ஐஎஸ்3டிஎச் என்ற அசைவு சென்சாரும் வரும், 0எஃப் கேட்டால் 33 சொல்லும். சாதாரண டிடிஆர்5 ரேமில் தனி சென்சார் முகவரி இல்லை, 50 முதல் 57 வரையுள்ள எஸ்பிடி5118 சிப்பே வெப்பமும் சொல்கிறது: 00-இல் 51, 01-இல் 18. தன் பெயரைத் தானே சொல்லும் நல்ல சிப்.

ஐஎன்ஏ219, ஐஎன்ஏ226

சோலார் பேட்டரி கண்காணிப்பில் இந்த இரண்டும் மாறி மாறி வரும், முகவரி 40 முதல் 4எஃப் வரை. 226-இல் எஃப்இ கேட்டால் 54 49, ஆங்கிலத்தில் டி, ஐ என்ற இரண்டு எழுத்து. எஃப்எஃப்-இல் 22 60. மூன்று வழி ஐஎன்ஏ3221 என்றால் எஃப்எஃப்-இல் 32 20. 219-க்கு அடையாளமே கிடையாது, முன்பு சொன்ன 39 9எஃப் மட்டும்தான் சாட்சி. மாற்றி எடுத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகப் பிசகும். ஷண்ட் (கரண்டை அளக்க வழியில் வைக்கும் சின்ன ரெசிஸ்டர்) அளவில் 219-க்கு ஒரு படி 10 மைக்ரோவோல்ட், 226-க்கு 2.5, கரண்ட் நான்கு மடங்கு தப்பும். தாங்கும் பஸ் வோல்ட்டும் வேறு: 219-க்கு 26, 226-க்கு 36. 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 28-ஐத் தாண்டும். அங்கே 219-ஐ மாட்டியிருந்தால் அது பிழைத்திருப்பதே ஆச்சரியம்.

மதர்போர்டின் பெரிய சிப்

டெஸ்க்டாப்பில் ஃபேன், வோல்ட், வெப்பம் எல்லாவற்றையும் பார்ப்பது சூப்பர் ஐ/ஓ. பழைய போர்டுகளில் பெரும்பாலும் 128 கால் சதுரச் சிப், போர்டின் ஓரம். இது ஐ2சி அல்ல, 2இ, 2எஃப் என்ற இரண்டு போர்ட் வழியே பேசும், சில போர்டில் 4இ, 4எஃப். லினக்ஸின் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரல் இதைத் தானே தேடும். அது செய்வதைப் புரிந்துகொண்டால் தப்பான பதிலை எளிதில் பிடிக்கலாம்.

கதவு திறக்கச் சாவி வேண்டும். வின்பாண்ட், நுவோடான், ஃபின்டெக் மூன்றுக்கும் 87 இரண்டு முறை. ஐடிஇ-க்கு 2இ-யில் 87, 01, 55, 55. எஸ்எம்எஸ்சி-க்கு 55. திறந்ததும் 20, 21 ரெஜிஸ்டர்களில் சிப் எண். ஐடிஇ-யில் பெயரே எண்: ஐடி8728-க்கு 87 28, ஐடி8686-க்கு 86 86. ஐடி8792, ஐடி8795 விலக்கு, இரண்டுக்கும் 87 33. ஒரே போர்டில் 2இ-யில் ஒரு ஐடிஇ, 4இ-யில் இன்னொன்று இருப்பதும் உண்டு. ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தாதீர்கள். ஃபின்டெக்கும் நுவோடானும் ஒரே சாவி என்பதால் 23, 24-ஐயும் பாருங்கள், 19 34 வந்தால் ஃபின்டெக்.

நுவோடானில் எண்ணுக்கும் பெயருக்கும் ஒட்டுறவே இல்லை. என்சிடி6776-க்கு சி3 30, 6779-க்கு சி5 60, 6791-க்கு சி8 00, 6793-க்கு டி1 20, 6796-க்கு டி4 20, 6798-க்கு டி4 28. கடைசி மூன்று பிட் பதிப்பு எண். அதனால் டி4 20 முதல் டி4 27 வரை 6796, டி4 28 முதல் டி4 2எஃப் வரை 6798. டி4 2பி என்று கண்டு கடைசி இலக்கத்தை முழுதாகத் தள்ளிவிட்டால் 6798-ஐ 6796 என்று எழுதிவிடுவீர்கள்.

தப்பான மாடலைப் பிடித்திருந்தால் வோல்ட் காட்டிக்கொடுக்கும். பழைய ஐடி8712-இல் ஒரு படி 16 மில்லிவோல்ட், ஐடி8728-இல் 12. 1.20 வோல்ட் கோர் 1.60 என்று வந்தால் பிராசஸர் எரியவில்லை, படியைத்தான் தப்பாக எடுத்திருக்கிறீர்கள். 12 வோல்ட் லைன் 1 வோல்ட் என்று வந்தால் அது வேறு கதை. வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும், போர்டுக்குப் போர்டு மாறும் டிவைடர் ரெசிஸ்டர்கள் நடுவில் இருக்கின்றன, மல்டிமீட்டரால் அளந்து விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸில் இரண்டு கண்காணிப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடினால் இண்டெக்ஸை (எந்த ரெஜிஸ்டர் என்ற எண்ணை) ஒருவர் வைக்க, டேட்டாவை இன்னொருவர் எடுக்க, எண்கள் குதிக்கும். ஒன்றை மூடிவிட்டு மறுபடி பாருங்கள்.

சூடு காட்டிச் சோதிப்பது

எந்தச் சிப் எந்த எண்ணைத் தருகிறது என்று பார்க்க விரலை வைத்துப் பார்ப்பது வழக்கம். சித்திரை, வைகாசியில் இங்கே அது பலிக்காது. அறையே 32, 33 டிகிரி, விரல் நுனியும் ஏறக்குறைய அதே. ஐஸ் வைக்கவும் வேண்டாம், கடற்கரைக் காற்றின் ஈரம் சிப்பின் மேல் நீராக இறங்கிவிடும். சோல்டரிங் அயர்ன் முனையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அரை நிமிஷம் பாருங்கள். எண் மெதுவாக ஏறி, எடுத்ததும் மெதுவாக இறங்க வேண்டும். படியாகக் குதித்தால் நீங்கள் படிப்பது வெப்ப ரெஜிஸ்டர் அல்ல.

மாற்றுச் சிப் போடும்போது

எல்எம்75 இருந்த இடத்தில் டிஎம்பி75 போடலாம், கால் வரிசையும் முகவரியும் ஒன்றே. டிஎஸ்1621-ஐ அங்கே போட்டால் கால்கள் பொருந்தும், நிரல் பொருந்தாது. எல்எம்90 இடத்தில் ஏடிஎம்1032 உட்காரும். ஆனால் நிரல் கம்பெனி எண்ணைப் பார்க்கும் வகை என்றால் ஏற்காது. எல்எம்99 இருந்த கார்டில் எல்எம்89 போட்டால் கார்டு வழக்கம்போல 16-ஐக் கூட்டிக்கொள்ளும், ஃபேன் எப்போதும் அலறும், அவ்வளவுதான். மறுபக்கமாக எல்எம்89 இடத்தில் எல்எம்99 போட்டால் 90 டிகிரியில் வேகும் சிப்பை 74 என்று சொல்லிக்கொண்டிருக்கும், ஃபேனும் அதை நம்பி மெதுவாகச் சுற்றும். இரண்டுக்கும் எஃப்எஃப்-இல் ஒரே எண் என்பதால் ஸ்கேனில் எல்லாம் சரியாகவே தெரியும். கழற்றிய சிப்பின் எழுத்தும் போய், எது இருந்தது என்று தெரியாத நிலையில் எல்எம்89-ஐப் போடுங்கள்.